தொடர எஃப்1 விசையை அழுத்தவும்

வாகட்டில் பழைய கணினியைக் காண்பது அரிது. பக்கத்திலேயே ஹிஞ்சவடி தகவல் தொழில்நுட்பப் பூங்கா இருப்பதால், அடுக்ககங்களில் குடியிருப்போர் பலரும் அலுவலகம் கொடுத்த மடிக்கணினிகளுடன் வாழ்பவர்கள். அப்படியோர் அடுக்ககத்தில், மூன்று பெண்கள் வாடகையைப் பகிர்ந்துகொண்ட வீடொன்றில், 2008-இல் கோயம்புத்தூரில் பூட்டப்பட்ட மேசைக்கணினி ஒன்று 2019 வரை இயங்கிக்கொண்டிருந்தது. மற்ற இருவரும் மென்பொருள் ஊழியர்கள். மூன்றாமவர் மொழியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தார். கணினி அவருடைய அண்ணன் கல்லூரிக் காலத்தில் தம் கையால் பூட்டியது. அண்ணனுக்கு வேலை கிடைத்ததும் தங்கைக்கு வந்தது. தங்கைக்குப் புணேயில் ஆய்விடம் கிடைத்ததும் பழைய போர்வையில் சுற்றப்பட்டு ரயிலேறியது.

ஆய்வுப் பொருள், கட்கியிலும் அதைச் சுற்றியும் மூன்று தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களின் பேச்சு. 1869-இல் தொடங்கப்பட்ட வெடிமருந்துத் தொழிற்சாலையும் படைக்குடியிருப்பும் உள்ள ஊர் அது. வேலை தேடி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது வீட்டில் தமிழும் தெருவில் மராத்தியும் பேசுகிறார்கள். அவர்களின் தமிழில் குறிலுக்கும் நெடிலுக்கும் உள்ள கால அளவு வேறுபாடு எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதே ஆய்வாளரின் கேள்வி. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. ஒரு மாத்திரையாவது கண் இமைக்கவோ விரல் நொடிக்கவோ ஆகும் நேரம். இலக்கணம் இப்படி வகுத்ததை அவர் மில்லிநொடியில் அளந்தார். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பால் பூர்ஸ்மாவும் டேவிட் வேனிங்கும் உருவாக்கிய பிராட் என்னும் இலவச மென்பொருள் அதற்குப் போதுமானதாக இருந்தது. பழைய கணினியும் போதுமானதாகவே தோன்றியது.

பேச்சாளர்கள் 38 பேர். இளையவர்களின் பதிவுகள் பெரும்பாலும் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். சொற்பட்டியலைப் படிப்பார்கள், இரண்டு கேள்விக்குப் பதில் சொல்வார்கள், கைப்பேசியைப் பார்ப்பார்கள். மூத்தவர்கள் ஐவர். அவர்களிடம் ஒலிப்பதிவுக் கருவியை வைத்தால் இரண்டு மணிநேரம் ஓடும். வந்த கதை, பஞ்சம், குடியிருப்பு வரிசை, ரேஷன் அரிசி, பிள்ளைகளின் கல்யாணம் என எல்லாம் வரும். அவர்களில் மூத்தவர் எண்பதைக் கடந்த ஒரு பாட்டி. அவரிடமிருந்து கிடைத்த அளவுகள்தாம் முதலில் தொல்லை கொடுத்தன. ஒரே சொல்லில் வரும் ஒரே நெடில் ஓரிடத்தில் சரியாகவும், வேறோரிடத்தில் குறிலைவிடக் குறுகியும், இன்னோரிடத்தில் நம்பமுடியாத நீளத்திலும் வந்தது.

ஆய்வாளர் மீண்டும் கட்கிக்குப் போனார். அதே சொற்களை மூன்று முறை சொல்லச் சொன்னார். பாட்டி சலிக்காமல் சொன்னார், ஆனால் கூச்சப்பட்டார். “பல்லு போனதுலேருந்து வார்த்த ஒழுங்கா வரமாட்டேங்குது கண்ணு. நீ சின்னப் புள்ளைங்ககிட்டயே கேட்டுக்கோயேன்” என்றார். புதிய பதிவும் இரண்டு மணிநேரம். அதன் அளவுகளும் அதே சிதறலைக் காட்டின. அதன்பின் இயலின் அடிக்குறிப்பில் ஒரு வரி இடம்பெற்றது: பேச்சாளரின் முதுமை காரணமாக ஒலிப்பு நிலையற்றுள்ளது. மற்ற நான்கு மூத்தவர்களின் அளவுகளும் ஓரளவு சிதறியே இருந்தன. ஆகவே முதல் தலைமுறையிலேயே குறில்–நெடில் வேறுபாடு தளர்ந்துவிட்டது என்ற முடிவு எழுதப்பட்டது. எதிர்பாராத முடிவு என்பதால் அதன்மேல் ஆய்வாளருக்கு ஒரு பெருமையும் இருந்தது. அதன் சுருக்கம் ஒரு கருத்தரங்குக்கு அனுப்பப்பட்டது.

2019 ஏப்ரலில், எல்லாப் பதிவுகளையும் புதிய வெளி வன்வட்டுக்குப் படியெடுக்கும் வேலை நடந்தது. படியெடுத்தபின் ஒவ்வொரு கோப்புக்கும் சரிபார்ப்புத் தொகை கணக்கிட்டு, மூலத்தோடு ஒப்பிடுவது அவர் வழக்கம். சிறிய கோப்புகள் எல்லாம் ஒத்துப்போயின. பெரிய கோப்புகளில் இரண்டு ஒத்துப்போகவில்லை. வன்வட்டு பழுது என்று எண்ணி மாற்றிப் படியெடுத்தார். இம்முறை வேறொரு கோப்பு தவறியது. பிறகு மூலக் கோப்புக்கே தொகையைக் கணக்கிட்டார். வந்த எண், ஓராண்டுக்கு முன் எழுதிவைத்த எண் அன்று. திரும்பக் கணக்கிட்டாலும் அதே தவறான எண். கணினியை அணைத்து மீண்டும் இயக்கிக் கணக்கிட்டார். பழைய எண் அப்படியே வந்தது.

இந்த இடத்தில்தான் அவர் கை நின்றது. வட்டில் இருக்கும் கோப்பு மாறவில்லை. வட்டிலிருந்து ஒருமுறை படித்ததை இயங்குதளம் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். அடுத்த முறை அங்கிருந்தே எடுத்துக் கொடுக்கும். அணைத்தால் நினைவகம் வெறுமையாகும். அப்படியானால் பொய் சொல்லியது வட்டு அன்று, ரேம். படியெடுப்பதில் பொய் சொல்லும் ரேம், அளப்பதில் மட்டும் உண்மை சொல்லியிருக்குமா?

ரேம் எனப்படும் நினைவகத்தின் ஒவ்வொரு கண்ணும் ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் கொண்டது. ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டெனார்ட் 1966-இல் கண்டு, 1968-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் ஒன்று, இல்லையேல் சுழி. ஆனால் அந்த மின்தேக்கி ஓட்டைக் குடம். மின்னூட்டம் ஒழுகிக்கொண்டே இருக்கும். அதனால் வழக்கமாக 64 மில்லிநொடிக்குள் ஒவ்வொரு வரிசையையும் ஒருமுறை படித்துத் திரும்ப நிரப்பியாக வேண்டும். நமக்குத் திடமான நினைவாகத் தெரிவது, நொடிக்குப் பதினைந்து முறைக்கு மேல் மறந்துபோகுமுன் திரும்பச் சொல்லிக்கொள்ளும் ஒரு பாராயணம். மின்னழுத்தம் குறைந்தாலோ வெப்பம் கூடினாலோ, இது ஒன்றா சுழியா என்று தீர்மானிக்கக் கிடைக்கும் இடைவெளி சுருங்குகிறது. பெரும்பாலும் தீர்ப்பு சரியாகவே இருக்கும். கோடிக்கணக்கான தீர்ப்புகளில் ஒன்று பிசகும்.

அந்த மின்னழுத்தம் தலைமுறைக்குத் தலைமுறை குறைந்து வந்திருக்கிறது. டிடிஆர் வகைக்கு 2.5 வோல்ட், டிடிஆர்2-க்கு 1.8, டிடிஆர்3-க்கு 1.5, டிடிஆர்4-க்கு 1.2. இவை நியமங்கள். 2008-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வேகத்தை விரும்பிய இளைஞர்களுக்காக விற்கப்பட்ட டிடிஆர்2 ரேம்கள் பல, தம் உறையில் அச்சிட்ட வேகத்தை எட்ட 2.0 அல்லது 2.1 வோல்ட் வேண்டும் என்று நிபந்தனை வைத்தன. நிபந்தனை உறையில் இருந்தது. மதர்போர்டுக்கு அது தெரியாது. ரேமில் பொருத்திய சிறு எஸ்பிடி சில்லில் வேகமும் காலக்கணக்கும் எழுதப்பட்டிருக்கும். மதர்போர்டு அதைப் படித்துத் தானாக அமைத்துக்கொள்ளும். ஆனால் டிடிஆர்2-இன் நியமப் பட்டியலில் கூடுதல் மின்னழுத்தத்தைச் சொல்ல இடமில்லை. அதற்கென 2006-இல் என்விடியாவும் கோர்சேரும் ஒரு நீட்டிப்பைக் கொண்டுவந்தன; 2007-இல் டிடிஆர்3-ஐ ஒட்டி இன்டெல் எக்ஸ்எம்பி என்பதைக் கொண்டுவந்தது. அவற்றைப் படிக்கத் தெரியாத போர்டுகளில் ஆட்டோ என்று விட்டால் 1.8 வோல்ட்தான் கிடைக்கும். கணினி இயங்கும், படம் ஓடும், எதுவும் குறையாகத் தோன்றாது.

ஆய்வாளர் மெம்டெஸ்ட் சோதனையை ஓர் இரவு முழுக்க ஓட்டினார். 1994-இல் கிறிஸ் பிரேடி தொடங்கிய இந்த நிரல், இயங்குதளம் இல்லாமலே ரேம் முழுவதிலும் பலவகை எண்கோலங்களை எழுதித் திரும்பப் படிக்கும். காலையில் பிழை சுழி. பாதி நிம்மதியோடு அணைத்துவிட்டு நூலகம் போனார். ஆனால் ஏப்ரல் மாதத்துப் புணேயின் இரவும் பகலும் ஒன்றல்ல என்பது மாலையில்தான் உறைத்தது. மறுநாள் பிற்பகல், சன்னல் வழியே வெயில் விழும் வேளையில் மீண்டும் ஓட்டினார். நாற்பது நிமிடத்தில் திரையில் சிவப்பு வரிகள் இறங்கத் தொடங்கின. எல்லா முகவரிகளும் 2 ஜிபி எல்லைக்கு மேலே.

பெட்டியில் ஒரு ஜிபி கொண்ட நான்கு ரேம்கள் இருந்தன. முதல் இணை 2008-இல் வாங்கியது. இரண்டாம் இணை பிறகு சேர்த்தது. எந்த இணையைத் தனியாகப் போட்டாலும் சோதனை தேறியது. நான்கையும் சேர்த்தால் பிசகியது. டாங்கே சவுக் பக்கம் கணினி பழுதுபார்க்கும் ஒருவர், இவ்வளவு பழையதைத் தொட்டுக் காலத்தை வீணாக்க வேண்டாம், புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். அது நியாயமான அறிவுரைதான். ஆனால் ஆய்வாளருக்குத் தேவைப்பட்டது புதிய கணினி மட்டும் அன்று. இந்தக் கணினி எப்போதிலிருந்து பொய் சொல்கிறது என்ற தேதியும்.

அன்றிரவு அண்ணனை அழைத்தார்.

“அந்த ரேமுக்கு 1.8 பத்தாது பாப்பா. நாலும் போட்டா சுமை அதிகம். நான் பயாஸ்ல போய் 0.3 ஏத்தி வெச்சிருந்தனே, அது இருக்குதா பாரு.”

“இல்லீங்ணா. எல்லாம் ஆட்டோலதான் இருக்குது.”

“அப்ப செட்டிங் அழிஞ்சிருக்குது. கரன்ட் போயி வந்தப்ப ஏதாவது கேட்டுச்சா? எஃப்1 அமுக்கச் சொல்லி?”

கேட்டிருந்தது. 2018 ஜூலையில், மழையில் அரைநாள் மின்சாரம் இல்லாமல் போய் வந்தபோது, கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் இரண்டு வரிகள் வந்தன. பதிவான அமைப்புகள் செல்லவில்லை, இயல்பு அமைப்புகளுடன் தொடர எஃப்1 விசையை அழுத்தவும் என்பது பொருள். அவர் அழுத்தினார். கணினி தொடர்ந்தது. பயாஸ் அமைப்புகளைக் காத்துவைத்திருந்த சிஆர் 2032 பொத்தான் மின்கலம் பத்தாண்டு உழைத்து ஓய்ந்திருந்தது. மின்கலம் போனால் கடிகாரமும் பின்னோக்கிப் போகும். அதைக் கண்டாவது யாரேனும் விழித்துக்கொள்ளலாம். இணையம் அந்த வாய்ப்பையும் பறித்தது. இயங்குதளம் தொடங்கியதும் சரியான நேரத்தை வலையிலிருந்து எடுத்துத் தானே திருத்திக்கொண்டது. 0.3 வோல்ட்டைத் திருத்த யாரும் இல்லை. ஒன்பது மாதம்.

இனி எஞ்சியது ஒரு கேள்வி. பிழை எங்கும் சமமாக விழுந்திருந்தால் 38 பேரின் அளவுகளும் கொஞ்சம் கொஞ்சம் கெட்டிருக்க வேண்டும். மூத்தவர்களின் அளவுகள் மட்டும் ஏன்? விடை, கோப்பின் நீளத்தில் இருந்தது. நொடிக்கு 44,100 மாதிரிகள் கொண்ட இரண்டு மணிநேர ஒற்றைத்தடப் பதிவு, வட்டில் ஏறக்குறைய 635 எம்பி. அதை முழுமையாகத் திறந்தால் பிராட் ஒவ்வொரு மாதிரியையும் 64 பிட் எண்ணாக வைத்துக்கொள்கிறது. நினைவகத்தில் அது 2.5 ஜிபிக்கு மேல். 4 ஜிபி கொண்ட கணினியில் அத்தனை பெரிய பொருள், எங்கே வைத்தாலும் மேல்பாதியில் கால் வைக்காமல் இருக்க முடியாது. இருபது நிமிடப் பதிவோ 0.4 ஜிபி அளவில் அடங்கும். பழுதான கண்களைத் தொடாமல் தப்பிவிடும் வாய்ப்பு அதற்கு அதிகம்.

64 பிட் எண்ணின் கடைசி இலக்கங்களில் ஒரு பிட் புரண்டால் காதுக்கும் தெரியாது, கணக்குக்கும் தெரியாது. அடுக்கைக் குறிக்கும் பகுதியில் புரண்டால் மதிப்பு 2, 4, 16, 256 மடங்கு என்று தாவும், அல்லது அவ்வாறே சுருங்கும். ஒலியில் ஒரு முள் முளைக்கும். ஒலிச்செறிவைப் பார்த்து உயிரொலியின் தொடக்கத்தையும் முடிவையும் தானாகக் குறிக்கும் நிரல், அந்த முள்ளை எல்லையென்று கொள்ளும். நெடில் பாதியில் வெட்டப்படும். அல்லது அடுத்த அசையையும் விழுங்கி நீளும்.

இங்கே ஆய்வாளர்கள் சற்று நிற்க வேண்டும். ரேமின் பிழைக்கு முதியவர், இளையவர் என்ற பேதம் தெரியாது. ஆனால் முதியவர்கள் நீளமாகப் பேசினார்கள். நீளமான பேச்சு பெரிய கோப்பாயிற்று. பெரிய கோப்பு பழுதான இடத்தைத் தொட்டது. கண்மூடித்தனமான ஒரு வன்பொருள் பிழை, ஆய்வின் மாறியான வயதோடு ஒட்டிக்கொண்டது. அதனால் அது இரைச்சலாகத் தெரியவில்லை, கண்டுபிடிப்பாகத் தெரிந்தது.

இத்தகைய பிழைகள் உலகுக்குப் புதியவை அல்ல. 2003-இல் பெல்ஜியத்தின் ஸ்கார்பேக் நகரத் தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு 4096 வாக்குகள் கூடுதலாக விழுந்தன. கிடைக்கச் சாத்தியமானதைவிட எண்ணிக்கை மிகுந்ததால்தான் அது கண்ணில் பட்டது. 4096 என்பது இரண்டின் பன்னிரண்டாம் அடுக்கு. ஒரே ஒரு பிட் புரண்டால் கூடும் தொகை. 2009-இல் கூகுளின் கணினித் தொகுதிகளை வைத்து வெளிவந்த ஆய்வொன்று, ஓராண்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கணினிகளில் திருத்தக்கூடிய நினைவகப் பிழை ஒன்றாவது நேர்ந்ததைக் காட்டியது. அந்தக் கணினிகள் தப்பியதற்குக் காரணம், 64 பிட்டுக்கு 8 பிட் காவலாக வைத்து, ஒரு பிழையைத் திருத்தவும் இரண்டைக் கண்டறியவும் செய்யும் ஈசிசி நினைவகம். சி-டாக் 1991-இல் பரம் 8000-ஐ உருவாக்கிய நகரம் புணே. அதே நகரில் ஆய்வு மாணவர்கள் முனைவர் பட்டக் கணக்கைப் போடும் சாதாரணக் கணினிகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தக் காவல் இல்லை. பிழை நேர்ந்தாலும் அவை சொல்வதில்லை.

நெறியாளரிடம் ஆய்வாளர் எல்லாவற்றையும் எழுதி எடுத்துச்சென்றார். ஐந்து மூத்தவர்களின் அளவுகளைத் திரும்ப எடுத்துவிடலாம் என்பது அவர் திட்டம். நெறியாளர் படித்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்.

“மத்த 33 பேரோடது சரின்னு எப்படித் தெரியும்மா?”

“அதுல சிதறல் இல்லையே மேடம்.”

“நாம எதிர்பார்த்த மாதிரி வந்ததுனாலதான் சந்தேகப்படல. வராததை மட்டும் சந்தேகப்பட்டா அது சரிபார்ப்பு ஆகாது.”

ஆகவே 38 பேரின் பதிவுகளும் மீண்டும் அளக்கப்பட்டன, இருமுறை. ஒன்று, உடன் தங்கியிருந்த தோழி தம் சொந்த மடிக்கணினியை இரவுகளில் கொடுத்ததால் அதில். மற்றொன்று, பழைய கணினியில். அதற்குமுன் பழைய கணினிக்குப் புதிய மின்கலம் போடப்பட்டது. அண்ணன் 0.3 ஏற்றச் சொன்னார். அந்தக் காலத்துப் போர்டுகள் பலவற்றில் பயாஸ் முழு அளவைக் காட்டாது. கூட்டல் குறியோடு 0.1, 0.2, 0.3 என்றே காட்டும். அதை 1.8-உடன் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆய்வாளர் ஒவ்வொரு படியாக ஏற்றிப் பிற்பகல் வெயிலில் சோதித்தார். 1.9-இல் பிழைகள் குறைந்தன. 2.0-இல் அரிதாயின. 2.1-இல் மறைந்தன. ஆனால் ரேமின் தகட்டில் கை வைக்க முடியாத சூடு. பத்தாண்டு கடந்த போர்டின் மின்தேக்கிகள் அதை எத்தனை நாள் தாங்கும் என்பதும் ஐயம். அண்ணனுக்கு வேகம் வேண்டியிருந்தது. தங்கைக்கு வேண்டியிருந்தது உண்மை. வேகத்தை 800-இலிருந்து 667-க்கு இறக்கி, 2.0 வோல்ட்டில் நிறுத்தினார். இரண்டு பகலும் இரண்டு இரவும் மெம்டெஸ்ட் ஓடியது. பிழை சுழி. அந்த அமைப்புகளை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் உட்பக்கம் ஒட்டினார்.

இரண்டு கணினிகளின் அளவுகளும் கடைசி இலக்கம் வரை ஒத்தன. ஒன்பது மாதத்துப் பழைய பட்டியலோடு வைத்துப் பார்த்தபோது மூத்தவர் ஐவரின் அளவுகளும் மாறின. கூடவே, யாரும் ஐயுறாத ஓர் இளைஞரின் இரண்டு அளவுகளும் மாறின. முதல் தலைமுறையின் நெடில், குறிலைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு நின்றது. பாட்டியின் நெடில்கள் 38 பேரில் மிகச் சீரானவை. தளர்வு மூன்றாம் தலைமுறையில்தான் தொடங்கியிருந்தது. எதிர்பாராத முடிவு போய், எல்லோரும் எதிர்பார்த்திருக்கக்கூடிய முடிவு வந்தது. கருத்தரங்குக்கு அனுப்பிய சுருக்கம் காரணத்தோடு திரும்பப் பெறப்பட்டது. அந்த ஆண்டு அவர் எங்கும் கட்டுரை படிக்கவில்லை. உதவித்தொகைக்கான ஆண்டறிக்கையில் அந்த இடம் வெறுமையாக இருந்தது.

முறையியல் இயலில் ஒரு பத்தி புதிதாகச் சேர்ந்தது. எந்தக் கணினி, எத்தனை நினைவகம், ஈசிசி இல்லை, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை பெற்ற அளவுகள் தள்ளப்பட்டன, மறு அளவீடு எந்த இரு கணினிகளில் நடந்தது என்று அது சொல்லும். மொழியியல் ஆய்வேட்டில் வோல்ட் என்ற சொல் வருவது பொருத்தமா என்று ஒருவர் கேட்டார். ஒலிவாங்கியின் வகையும் அறையின் அளவும் எழுதப்படும் இடத்தில், ஒலியை எண்ணாக்கிய கருவியின் நிலையும் எழுதப்பட வேண்டியதுதானே என்று நெறியாளர் பதில் சொன்னார். பழைய கணினியில் ஆய்வு செய்வது குற்றமன்று. பலருக்கு வேறு வழியும் இல்லை. மூலக் கோப்பு கைக்கு வந்த நாளிலேயே சரிபார்ப்புத் தொகையை எழுதிவைப்பதற்கும், முக்கியமான ஒரு முடிவையாவது இரண்டாவது கணினியில் போட்டுப் பார்ப்பதற்கும் பணம் தேவைப்படுவதில்லை.

அடிக்குறிப்பு நீக்கப்பட்ட வாரத்தில் ஆய்வாளர் ஔந்த் வழியாகப் பேருந்து பிடித்துக் கட்கிக்குப் போனார். தாய்ப்பலகை, மின்னழுத்தம் என்பனவற்றைச் சொல்ல முயன்று, பிறகு கைவிட்டு, கணக்குப் போட்ட எந்திரத்தில்தான் கோளாறு, உங்கள் பேச்சில் ஒன்றும் குறையில்லை பாட்டி என்று சுருக்கமாகச் சொன்னார். பாட்டி வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.

“அப்ப என் பல்லு மேல தப்பு இல்லயா?”

“இல்ல பாட்டி.”

“இத எழுதிக் குடுத்த எடத்துல சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன் பாட்டி.”

“சரி, மிசின எடு. போன தடவ பாதில விட்ட கதை ஒண்ணு இருக்குது.”

அந்தப் பதிவு இரண்டரை மணிநேரம் ஓடியது.